எழுதியவரின் கண்ணோடு படிக்கும் நிரல்

உலாவியில் தோன்றும் எந்த வலைப்பக்கத்துக்கும் அடியில் எச்டிஎம்எல் என்னும் குறிமொழி இருக்கிறது. பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தச் சொல் தடித்த எழுத்தில் வரவேண்டும், எந்த வரி தலைப்பு, எது இணைப்பு என்பனவற்றையெல்லாம் கோண அடைப்புக்குள் எழுதப்படும் குறிச்சொற்களால் அது உலாவிக்குத் தெரிவிக்கிறது. இயந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான மொழி வேண்டியதில்லை. ஆனால் கட்டுரை எழுத உட்காரும் ஒருவருக்கு, ஒவ்வொரு பத்தியையும் குறிச்சொல்லால் திறந்து குறிச்சொல்லால் மூடவேண்டிய கட்டாயம் சிந்தனையின் ஓட்டத்தை அறுப்பதாகவும், எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது சொந்த வாக்கியமே கண்ணுக்குத் தப்பிவிடுவதாகவும் இருக்கும். இதற்கு மாற்றாக எழுந்தவை எளிய குறியிடல் முறைகள். தலைப்புக்கு முன் ஒரு ஹாஷ் குறி, அழுத்தம் வேண்டிய சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி, பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. இவ்வாறு எழுதப்பட்ட உரையை வலைப்பக்கமாக மாற்றித் தரும் வேலையை நிரலகங்கள் செய்கின்றன. நிரலகம் என்பது, பிற நிரலர்கள் தங்கள் மென்பொருளுக்குள் எடுத்து வைத்துக்கொள்ளத்தக்கவாறு, ஒரு குறிப்பிட்ட பணிக்கென எழுதப்பட்ட ஆயத்த நிரல்தொகுப்பு. பயன்படுத்துவோர் எண்ணியும் பார்க்காத இந்த இடைநிலைக் கருவி, நிரற்கலையின் நயங்களை அறிய விரும்புவோருக்கு வாய்த்த சிறந்த பாடங்களுள் ஒன்று. ஏனெனில் இங்கே கணினி படிக்கவேண்டியது இன்னொரு நிரலை அன்று, ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்காக எழுதிய உரையை.

இம்முறைகளுள் இன்று பெருவழக்காகிவிட்டது மார்க்டவுன். அமெரிக்க எழுத்தாளரான ஜான் குரூபர் 2004இல் இதை வெளியிட்டார். வடிவமைப்பில் அவருக்குத் துணைநின்றவர் ஆரன் சுவார்ட்ஸ். இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஈயன் ஃபெல்ட்மன் அமைத்த செடெக்ஸ்ட், 2002இல் சுவார்ட்ஸ் தாமே அமைத்த ஏடிஎக்ஸ், அதே காலத்தில் டீன் ஆலன் உருவாக்கிய டெக்ஸ்டைல், பைத்தான் நிரலர்களிடையே பரவிய ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. குரூபரின் தனித்தன்மை புதிய குறிகளைக் கண்டுபிடித்ததில் இல்லை. மின்னஞ்சல் எழுதுவோர் பல ஆண்டுகளாகத் தம்மை அறியாமலே கைக்கொண்டிருந்த வழக்கங்களைக் கவனித்து, அவற்றையே இலக்கணமாக்கியதில் இருக்கிறது. மாற்றப்படாத நிலையிலும் உரை அப்படியே படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதே அவர் மற்றெல்லாவற்றுக்கும் மேலாக வைத்த நோக்கம்.

மூல நிரல் பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒற்றைக் கோப்பு. அதன் 1.0.1 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. உரையின் அமைப்பை இலக்கணப்படி பிரித்தறியும் முறையான பாகுபடுத்தி எதுவும் அதில் கிடையாது. முழு உரையையும் ஒரே நீண்ட எழுத்துச் சரமாக எடுத்துக்கொண்டு, வடிவக்கோவைகளைக் கொண்டு, அதாவது இன்ன எழுத்துக்குப் பின் இன்னது வந்தால் பொருந்தும் என்று சுருக்கமாக வரையறுக்கும் தேடற்கோவைகளைக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றீடு செய்துகொண்டே போகும். எல்லா நுட்பமும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. படத்துக்கான குறி, இணைப்புக்கான குறியின் முன் ஒரு வியப்புக்குறி சேர்ந்தது என்பதால், படங்களை முதலில் மாற்றியாகவேண்டும். இல்லையெனில் இணைப்பு விதி அவற்றை விழுங்கிவிடும். இரட்டை நட்சத்திரம் ஒற்றை நட்சத்திரத்தைத் தன்னுள் கொண்டிருப்பதால் தடித்த எழுத்தே சாய்வெழுத்துக்கு முன் வரவேண்டும். எழுதியவரே பத்தி, அட்டவணை போன்ற பெருங்கூறுகளை எச்டிஎம்எல் குறிச்சொற்களால் உரைக்குள் இட்டிருந்தால் அவை எந்த விதியின் கையிலும் அகப்படக் கூடாது என்பதற்காக, அத்தகைய பகுதி ஒவ்வொன்றும் எம்டி5 என்னும் கணக்கீட்டின்வழிக் கிடைக்கும் 32 எழுத்துச் சரமொன்றாக மாற்றி ஒளித்துவைக்கப்படுகிறது. பிற மாற்றீடுகள் நடந்தேறும் வரை அந்தப் புனைபெயரிலேயே இருந்துவிட்டு, பின்னர் சொந்த உருவுக்குத் திரும்புகிறது. இலக்கணம் தேர்ந்த நிரலர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. ஆயினும் ஒரு மனிதர் தமக்குத் தெரிந்த ஒரு கருவியைக் கொண்டே ஒரு பெரிய சிக்கலை எவ்வளவு தூரம் தள்ளிச் செல்லமுடியும் என்பதற்கு இந்தக் கோப்பு ஒரு சான்று. அதில் ஒரு சிறு குறும்பும் உண்டு. மின்னஞ்சல் முகவரிகளைத் திருடும் நிரல்களை ஏமாற்றுவதற்காக, முகவரியின் எழுத்துகளை அது ஏதோவொரு தற்செயல் முறையில் எண்குறிகளாக மாற்றிவிடுவதால், ஒரே உரையை இருமுறை கொடுத்தால் இருவேறு எச்டிஎம்எல் கிடைக்கும். திரையில் மட்டும் வேறுபாடு தெரியாது.

மார்க்டவுனின் உண்மையான கடினம் வேறிடத்தில் இருக்கிறது. நிரல்மொழியில் ஒரு அரைப்புள்ளி விடுபட்டால் கணினி பிழை என்று சொல்லி நின்றுவிடலாம். மார்க்டவுனில் பிழை என்பதே கிடையாது. எந்த எழுத்துவரிசையைத் தந்தாலும் அது முறையான ஆவணமே, அதற்கொரு வலைப்பக்கம் கிடைத்தே தீரவேண்டும். மூடப்படாத நட்சத்திரமா, சரி, அது வெறும் நட்சத்திரம். பாதியில் நின்ற அடைப்புக்குறியா, அதுவும் எழுத்தே. பழைய அச்சகத்தில் கையெழுத்துப் படியை முன்னால் வைத்துக்கொண்டு, ஆசிரியர் அடிக்கோடிட்டது அழுத்தத்துக்கா, அடித்துத் திருத்தியதன் மிச்சமா என்று தாமே முடிவுசெய்து எழுத்துகளைக் கோத்த அச்சுக்கோப்பவரின் நிலைதான் இந்த நிரலின் நிலையும். கேட்டுத் தெளிய ஆசிரியர் அருகில் இல்லை.

குரூபரின் விளக்கவுரை நல்ல உரைநடையில் அமைந்தது. ஆனால் விளக்கவுரை வேறு, வரையறை வேறு. உட்பட்டியலுக்கு எத்தனை இடைவெளி உள்தள்ளவேண்டும், தலைப்புக்கு முன் வெற்று வரி வேண்டுமா, அழுத்தக்குறியும் இணைப்புக்குறியும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் எது வெல்லும் என்பன போன்ற வினாக்களுக்கு அதில் விடையில்லை. இந்நிலையில் மிஷெல் ஃபோர்டன் மார்க்டவுனைப் பிஎச்பி மொழிக்குக் கொண்டுவந்தார். அட்டவணைகளையும் அடிக்குறிப்புகளையும் சேர்த்த விரிவையும் அவரே எழுதினார். பைத்தானிலும் சி மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நிரலகங்கள் பெருகின. ஒவ்வொருவரும் விடையில்லாத வினாக்களுக்குத் தத்தம் மனம்போல் விடை கண்டதால், ஒரே உரை ஒவ்வொரு நிரலகத்திலும் ஒவ்வொரு உருக்கொண்டது. ஓர் உரையைப் பல நிரலகங்களுக்கு ஒரே நேரத்தில் கொடுத்து, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் பேபல்மார்க் என்னும் கருவி இந்தக் குழப்பத்தை எவரும் காணுமாறு செய்தது.

தீர்வாக 2014இல் வந்தது காமன்மார்க் என்னும் வரையறை. இதன் முதன்மை ஆசிரியரான ஜான் மக்ஃபார்லேன், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர் என்பது இங்கே வெறும் வாழ்க்கைக் குறிப்பு அன்று. ஒரு குறி எந்தச் சூழலில் எப்பொருளைத் தரும் என்ற வினாவைத் தொழிலாகவே கொண்ட ஒருவரின் பொறுமை அந்த ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகளை அது தருகிறது. ஒவ்வொன்றிலும் உள்ளிடும் உரையும் கிடைக்கவேண்டிய எச்டிஎம்எல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. வரையறையைப் படிப்பவருக்கு விளக்கமாக இருக்கும் அதே எடுத்துக்காட்டுகள், நிரலகத்தைச் சோதிக்கும் தேர்வுத்தாளாகவும் அப்படியே பயன்படுகின்றன. இலக்கண நூலும் வினாத்தாளும் ஒன்றாகவே அமைந்த இந்த ஏற்பாடு, மென்பொருள் ஆவணங்களில் அரிதாகக் காணப்படும் நேர்மை.

எவ்வளவு நுணுகி ஆராயப்பட்டது என்பதற்கு எண்ணிட்ட பட்டியல் பற்றிய விதி ஒன்றே போதும். வரியின் தொடக்கத்தில் ஓர் எண்ணும் அதையடுத்து ஒரு புள்ளியும் இடைவெளியும் வந்தால் பட்டியல் தொடங்குகிறது. ஆனால் ஒருவர், தலைவர் பிறந்த ஆண்டு என்று ஒரு வரியை முடித்து, அடுத்த வரியை 1921 என்ற எண்ணும் புள்ளியுமாகத் தொடங்கி அதே பத்தியில் மேலும் எழுதிச் சென்றால், அங்கே 1921ஆம் உருப்படியிலிருந்து ஒரு பட்டியல் முளைத்துவிடக் கூடாது. குரூபரின் நிரல் பட்டியலுக்கு முன் வெற்று வரி வேண்டும் என்று கேட்டு இதைத் தவிர்த்தது. ஆயின் பட்டியலுக்குள் உட்பட்டியல் எழுதும்போது மட்டும் வெற்று வரி வேண்டாம் என்றது. ஓர் உரைத்துண்டு பட்டியலுக்கு வெளியே என்ன பொருள் தருமோ அதையே உள்ளேயும் தரவேண்டும் என்ற சீர்மையைக் கொள்கையாகக் கொண்ட காமன்மார்க்குக்கு இந்த இரட்டை நியாயம் ஒவ்வவில்லை. எனவே, பத்தியின் நடுவே குறுக்கிட்டுத் தொடங்கும் எண்ணிட்ட பட்டியல் 1 என்ற எண்ணில் தொடங்கினால் மட்டுமே பட்டியலாகக் கொள்ளப்படும் என்று வகுத்தது. மனிதர்கள் பட்டியலை ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்கள், வாக்கியத்தின் இறுதியில் தற்செயலாக வரும் எண் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. விதியின் தர்க்கத்தில் சிறு கீறல் விழுந்தாலும் பரவாயில்லை, எழுதியவரின் கருத்து சிதையக் கூடாது என்ற இந்தத் தேர்வு, ரசனையுள்ளவர்கள் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு.

காமன்மார்க் வழிநிற்கும் நிரலகங்கள், குறிப்பாகச் சி மொழியில் எழுதப்பட்ட சீமார்க், உரையை இரண்டு கட்டங்களாகப் படிக்கின்றன. முதற்கட்டத்தில் வரிவரியாகத் தொகுதிகள் மட்டும் பிரிக்கப்படுகின்றன. தொகுதி என்பது பத்தி, தலைப்பு, பட்டியல், மேற்கோள் போன்ற பெருங்கூறு. ஒவ்வொரு புதிய வரி வரும்போதும், இன்னும் மூடப்படாமல் திறந்திருக்கும் தொகுதிகளுள் எவையெவை இந்த வரியால் தொடர்கின்றன என்று வெளியிலிருந்து உள்நோக்கி வினவி, தொடராதவற்றை மூடி, தேவையானவற்றைப் புதிதாகத் திறந்து, எஞ்சிய எழுத்துகளை அடியாழத்திலுள்ள தொகுதியில் சேர்க்கின்றன. படித்தது மாறிவிடும் தருணங்களும் உண்டு: பத்தி என்று கொள்ளப்பட்ட ஒரு வரியின் கீழ் சமக்குறிகளால் ஆன கோடு வந்தால், அந்தப் பத்தி அக்கணமே தலைப்பாகிறது. சொற்களுக்குள் இருக்கும் அழுத்தம், இணைப்பு போன்ற வரியுள் கூறுகளை இரண்டாங்கட்டமே தொடுகிறது. காரணம் எளியது. இணைப்பின் முகவரியை ஆவணத்தின் கடைசியில் தனியே எழுதிவைக்கலாம் என்பதால், முதல் பத்தியில் சதுர அடைப்புக்குள் இருப்பது இணைப்பா, வெறும் எழுத்தா என்பது கடைசி வரி வரை படித்த பின்பே தெரியும்.

இரண்டாங்கட்டத்தில்தான் இந்தக் கலையின் மிக நேர்த்தியான பகுதி இருக்கிறது. ஒரு நட்சத்திரக் குறி அழுத்தத்தைத் திறக்கிறதா, மூடுகிறதா, அல்லது பெருக்கற் குறியாக நிற்கிறதா என்பதை அதன் இருபக்கத்து எழுத்துகளைப் பார்த்தே நிரல் முடிவுசெய்கிறது. பின்னால் இடைவெளி வந்தால் அது திறக்காது; முன்னால் இடைவெளி இருந்தால் மூடாது; இருபுறமும் இடைவெளி என்றால் எண்களுக்கு இடையே போட்ட நட்சத்திரம்போல் வாளா இருக்கும். திறக்கக்கூடிய குறிகள் வரவர ஓர் அடுக்கில் வைக்கப்படுகின்றன. கடைசியில் வைத்தது முதலில் எடுக்கப்படும் ஏற்பாட்டைக் கணினியியலில் அடுக்கு என்பர். மூடும் குறி வரும்போது அடுக்கின் மேலிருந்து கீழ்நோக்கி இணை தேடப்படுகிறது. இணை அகப்படாவிட்டால், இன்ன வகைக் குறிக்கு இந்த இடத்துக்குக் கீழே தேடிப் பயனில்லை என்று நிரல் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. இந்தச் சிறு குறிப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பது, தீய நோக்குடன் ஒருவர் பல்லாயிரம் நட்சத்திரங்களை வேண்டுமென்றே வரிசையாக இட்டு அனுப்பும்போதுதான் விளங்கும். குறிப்பு வைக்காத நிரலகம் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அடிவரை சென்று மீண்டு திணறிப்போகும். சீமார்க் ஒரே ஓட்டமாகக் கடந்துவிடும். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவல் முழுவதையும் பழைய மடிக்கணினியொன்றில் 127 மில்லிநொடியில் அது மாற்றிவிடுவதாகவும், குரூபரின் நிரலைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு விரைவானது என்றும் அதன் ஆக்குநர்கள் குறித்திருக்கிறார்கள்.

எல்லாமே அழகு என்று சொல்லிவிட முடியாது. ஒரே குறி திறக்கவும் மூடவும் வல்லதாக இருக்கும்போது, இரு முனைகளிலும் உள்ள குறிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, கூட்டுத்தொகை மூன்றின் மடங்கா என்று பார்க்கச் சொல்லும் ஒரு விதி இருக்கிறது; அது சரியான விடையைத் தருகிறது, ஆனால் எழுதுபவர் எவரும் அதை மனத்தில் கொண்டு எழுதமாட்டார். வரி முடிவில் இரண்டு வெற்றிடங்களை விட்டால் அடுத்த வரிக்குத் தாவவேண்டும் என்ற குரூபரின் பழைய விதியோ, கண்ணுக்கே தெரியாத குறியை இலக்கணமாக்கியதால், படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்ற அவருடைய நோக்கத்தையே மறுக்கிறது. வரி முடிவில் ஒரு பின்சாய்கோடு இட்டும் அதையே செய்யலாம் என்று காமன்மார்க் வழிசெய்தது நல்ல திருத்தம். மக்ஃபார்லேனே இந்தச் சுமைகளில் நிறைவில்லாமல், பழமைக்குக் கட்டுப்படாத ஜாட் என்னும் புதிய குறியிடல் முறையை 2022இல் வெளியிட்டார்.

அதே மக்ஃபார்லேன் 2006இல் ஹாஸ்கெல் மொழியில் எழுதித் தொடங்கிய பான்டாக், வேறொரு திசையில் சிறந்தது. அது உரையை நேரே எச்டிஎம்எல்லாக மாற்றுவதில்லை. முதலில் ஒரு மரமாக மாற்றுகிறது. ஆவணம் வேர், அதன் கிளைகள் தலைப்புகளும் பத்திகளும், அவற்றின் கிளைகள் அழுத்தங்களும் இணைப்புகளும், இலைகள் சொற்கள். உள்வரும் வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிப்பான், வெளிச்செல்லும் வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுதுவான், நடுவே எல்லாருக்கும் பொதுவான ஒரே மரம். இந்த ஏற்பாட்டில் புதிதாக ஒரு படிப்பானைச் சேர்த்தால், அந்த வடிவத்திலிருந்து வலைப்பக்கத்துக்கும் மின்னூலுக்கும் வேர்டு கோப்புக்கும் லேடெக் அச்சுப்படிக்கும் ஒரே நேரத்தில் வழி திறந்துவிடுகிறது. மரத்தை நடுவழியில் மறித்துத் திருத்தவும் பான்டாக் இடம்தருவதால், எல்லாத் தலைப்புகளையும் ஒரு படி கீழிறக்குவது போன்ற வேலைகளைச் சில வரி நிரலில் முடித்துவிடலாம்.

பிற நிரலகங்களைப் பற்றி விரிக்கவேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் மார்க்டவுன்-இட், கோ மொழியில் கோல்டுமார்க், ரஸ்ட் மொழியில் புல்டவுன்-சீமார்க் ஆகியவை காமன்மார்க்கைப் பின்பற்றுவன. முன்னறியாத ஒருவர் எதை எடுத்தாலும் ஏமாறமாட்டார். ஒரே ஓர் எச்சரிக்கை. மார்க்டவுன் உரைக்குள் எச்டிஎம்எல்லை நேரடியாக எழுத இடமிருப்பதால், முகம் தெரியாதவர்கள் எழுதி அனுப்பும் உரையை அப்படியே மாற்றி வெளியிட்டால், தீங்கான நிரலும் அதோடு பக்கத்துக்குள் நுழைந்துவிடும். சீமார்க் தன் அண்மைப் பதிப்புகளில் நேரடி எச்டிஎம்எல்லை இயல்பாகவே தடுத்துவிடுகிறது. இயல்புநிலையில் இதை அனுமதிக்கும் நிரலகங்களும் உள்ளமையால், வெளியீட்டைத் தனியே வடிகட்டுவது நல்லது.

தமிழில் எழுதுவோருக்கு இந்த நிரலகங்கள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதையும் காணவேண்டும். நட்சத்திரக் குறியின் இருபுறத்து எழுத்துகளையும் யூனிகோடு வகைப்பாட்டைக் கொண்டு காமன்மார்க் பார்ப்பதாலும், அவ்வகைப்பாட்டில் புள்ளியும் உயிர்மெய்க் குறியீடுகளும் நிறுத்தக்குறிகளாகக் கொள்ளப்படாததாலும், பெரும்பாலான இடங்களில் தமிழ் தடையின்றி மாறுகிறது. இடர் வருவது வேற்றுமை உருபு ஒட்டும் இடத்தில். ‘குறுந்தொகை’யில் என்று நூற்பெயரை மேற்கோட் குறிக்குள் இட்டு உருபைப் பின்னொட்டாக எழுதுவது தமிழ் அச்சில் நாள்தோறும் காணும் வழக்கம். இதில் மேற்கோட் குறிகளையும் உள்ளடக்கி இருபுறமும் இரட்டை நட்சத்திரம் இட்டால், மூடவேண்டிய நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் நிற்பதால், விதிப்படி அது மூடுங்குறி ஆகாது. நட்சத்திரங்கள் நட்சத்திரங்களாகவே பக்கத்தில் வந்து நிற்கும். நட்சத்திரங்களை மேற்கோட் குறிக்கு உள்ளே இட்டால் இச்சிக்கல் இல்லை. நட்சத்திரத்துக்குப் பதிலாக அடிக்கோட்டுக் குறியைப் பயன்படுத்துவோருக்கோ மூடும் குறியை அடுத்தே உருபு ஒட்டும் எந்தச் சொல்லும் கைகொடுக்காது. நிரல்களில் வரும் மாறிப் பெயர்களின் நடுவிலுள்ள அடிக்கோடுகளைக் காப்பதற்காக, சொல்லின் நடுவே அடிக்கோடு அழுத்தம் தராது என்று விதிக்கப்பட்டிருக்கிறது.

இதைவிட வருந்தத்தக்கது தலைப்புகளின் முகவரி. ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே தாவுவதற்கான அடையாளப் பெயரை அத்தலைப்பின் எழுத்துகளிலிருந்தே பல நிரலகங்கள் ஆக்குகின்றன. பைத்தான்-மார்க்டவுனின் பொருளடக்க நீட்சி, இயல்புநிலையில் தமிழ் எழுத்துகள் அனைத்தையும் நீக்கிவிடுவதால், தமிழ்த் தலைப்புகள் யாவும் பெயரிழந்து வெறும் எண்களாகின்றன. யூனிகோடு எழுத்துகளை ஏற்குமாறு அமைத்தாலும் நோய் முற்றும் தீர்வதில்லை. பைத்தான் மொழியின் வடிவக்கோவை புள்ளியையும் உயிர்மெய்க் குறியீடுகளையும் சொல்லின் பகுதியாக ஏற்காததால், கட்டுரை என்ற தலைப்பு ‘கடடர’ என்று குறைந்து நிற்கிறது. வடிவக்கோவையில் எழுத்துகளோடு புள்ளியையும் உயிர்மெய்க் குறியீடுகளையும் சேர்த்தால் இது தீர்ந்துவிடும். திருத்தம் ஒரே வரிக்குள் அடங்கக்கூடியது.

காமன்மார்க்கின் எடுத்துக்காட்டுகளில் ரஷ்ய எழுத்துகள் இடம்பெற்றிருக்கின்றன. உருபு ஒட்டிய சொற்களையும் மேற்கோட் குறிக்குப் பின் ஒட்டும் உருபுகளையும் கொண்ட தமிழ் எடுத்துக்காட்டுகளும் இந்த நிரலகங்களின் தேர்வுத்தாள்களில் சேரவேண்டும். இவையெல்லாம் கட்டற்ற மென்பொருள்கள், மூலநிரல் எவர் கையிலும் கிடைக்கிறது, பிழையை எடுத்துக்காட்டி அனுப்பும் வழியும் திறந்தே இருக்கிறது. நிரல் அறிந்த தமிழர்கள் இந்தப் பணியை மேற்கொள்ள வேண்டும்.